தீபா கர்மாகர்: 0.150 புள்ளியில் நழுவிய ஒலிம்பிக் மெடல்... ‘மரண வால்ட்’டை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார்?

ஒலிம்பிக் மெடல் அவரிடம் இல்லை. ஆனாலும் இந்தியாவில் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் தீபா கர்மாகர்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் வால்ட் ஃபைனலில் நான்காவது இடம். வெண்கலத்துக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி வெறும் 0.150 புள்ளி. 2024 அக்டோபர் 7-ம் தேதி, 31 வயதில் ஓய்வை அறிவித்தார்.

அவரைப் பற்றி எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது ஒரே ஒரு குதி. பெயர் ‘ப்ரோடுனோவா’. ஜிம்னாஸ்டிக்ஸ் உலகம் ‘மரண வால்ட்’ என்று பட்டப்பெயர் வைத்த குதி அது. எல்லா வசதியும் உள்ள நாடுகளின் வீராங்கனைகளே பெரும்பாலும் ஒதுங்கிப் போனார்கள். சரியான ஜிம் கூட இல்லாத அகர்தலாவிலிருந்து வந்த ஒரு பெண் அதை ஏன் கையில் எடுத்தார்? துணிச்சல் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் துணிச்சலோடு சேர்ந்து ஒரு கணக்கும் இருந்தது. அந்தக் கணக்கு அவருக்கு என்ன கொடுத்தது, பதிலுக்கு என்ன எடுத்துக்கொண்டது என்று பார்க்கலாம்.

யார் இந்த தீபா?

1993 ஆகஸ்ட் 9-ல் திரிபுரா தலைநகர் அகர்தலாவில் பிறந்தவர். அப்பா துலால் கர்மாகர், இந்திய விளையாட்டு ஆணையத்தில் பளுதூக்குதல் கோச். மகளை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்தது அவர்தான். சின்ன வயதில் தீபாவுக்கு இதில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாதாம். அப்பா சொன்னார், போனார். அவ்வளவுதான்.

போன இடத்தில் முதல் சிக்கல் பாதத்தில் வந்தது. தீபாவுக்குப் பிறவியிலேயே தட்டைப் பாதம். நம் பாதத்தின் நடுவில் இருக்கும் வளைவு, ஓடும்போதும் குதிக்கும்போதும் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். அந்த வளைவு இல்லாவிட்டால் எம்பும் வேகம் குறையும், தரையில் இறங்கும்போது வரும் அதிர்ச்சி நேராகக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போகும். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு இதைவிட மோசமான ஆரம்பம் இருக்க முடியாது. பல வருடப் பயிற்சியில் அந்தப் பாதத்துக்கு ஓரளவு வளைவைக் கொண்டு வந்தார்கள். முதலில் கற்றுக்கொடுத்தவர் சோமா நந்தி. பிறகு அவருடைய கணவர் பிஸ்வேஸ்வர் நந்தி கோச் ஆனார். கடைசி வரை அவரே கோச்.

முதல் போட்டிக்குப் போனபோது காலில் ஷூ இல்லை, போட்டிருந்த உடை கடன் வாங்கியது, அளவும் சரியில்லை. பயிற்சி நடந்த இடத்தில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், எலியும் கரப்பானும் ஓடும். ஓட்டை ஸ்கூட்டரின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர்களை வைத்து எம்பு பலகை செய்து குதித்த கதையை தீபாவும் நந்தியும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

ஜல்பைகுரியில் நடந்த ஜூனியர் தேசியப் போட்டியில் ஜெயித்தார். அதற்குப் பிறகுதான் அப்பாவின் ஆசை மகளின் ஆசையாக மாறியது என்று சொல்லலாம். 2011-ல் ஜார்க்கண்டில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் ஆல்-ரவுண்டிலும் நான்கு தனிப் பிரிவுகளிலும் சேர்த்து ஐந்து தங்கம். திரிபுராவுக்காக ஒரே ஆள் அள்ளியது.

அகர்தலாவில் இருந்து எப்படி?

தீபா ஏதோ பாலைவனத்தில் முளைத்த ஒற்றைச் செடி மாதிரி பல செய்திகளில் எழுதினார்கள். அது சரியில்லை. அகர்தலாவுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் புதுசு கிடையாது.

1960-களில் ஹரியானாவைச் சேர்ந்த தலிப் சிங் என்ற கோச் அங்கே போய்ச் சேர்ந்தார். போனவர் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். அவரிடம் பயின்ற மண்டு தேப்நாத் 1975-க்கான அர்ஜுனா விருது பெற்றார். பிஸ்வேஸ்வர் நந்தியும் அந்தப் பட்டறையில் உருவானவர்தான். திரிபுராவின் கல்பனா தேப்நாத்துக்கு 2000-ல் அர்ஜுனா. அதாவது, ஒரு கோச் ஓர் ஊரில் நிலையாக இருந்தார். அவரிடம் படித்தவர்கள் அடுத்த தலைமுறைக்குக் கோச் ஆனார்கள். அந்த வரிசையில் வந்தவர் தீபா. நல்ல கட்டடமும் கருவியும் இல்லாத ஊரில் கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் காரைக்குடிக்கு வரும்போது தேவைப்படும்.

முதலில் விளையாட்டு என்னன்னு பார்ப்போம்

பெண்கள் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் நான்கு பிரிவுகள். உயரம் மாறிய இரண்டு கம்பிகளில் சுழல்வது ஒன்று. 5 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட உத்தரத்தின் மேல் ஆடுவது இன்னொன்று. அந்த உத்தரத்தின் அகலம் நம் வீட்டு அம்மியைவிடக் குறைவு. மூன்றாவது, இசையோடு தரையில் செய்யும் ஃப்ளோர். நான்காவது வால்ட். நான்கையும் சேர்த்துச் செய்தால் ஆல்-ரவுண்ட்.

வால்ட்டில் அதிகபட்சம் 25 மீட்டர் ஓடலாம். எம்பு பலகையை மிதித்து, 125 சென்டிமீட்டர் உயர மேஜையில் கையை ஊன்றித் தள்ளி, காற்றில் சுழன்று, மறுபக்கம் நிற்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் திண்ணையைவிட உயரமான மேஜை அது. ஓட ஆரம்பித்ததிலிருந்து நிற்பது வரை சில நொடிகள்தான். கண் சிமிட்டினால் கதை முடிந்துவிடும்.

மார்க் எப்படி? இரண்டு பகுதி. எவ்வளவு கஷ்டமான குதி என்பதற்கு ஒரு மதிப்பு, அது முன்கூட்டியே விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கும். எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்கு 10-லிருந்து குறைத்துக்கொண்டே வருவார்கள். கால் விலகினால் கழிப்பார்கள், முழங்கால் மடங்கினால் கழிப்பார்கள், கீழே விழுந்தால் முழுசாக 1 புள்ளி போகும். இரண்டையும் கூட்டினால் ஸ்கோர். ஃபைனலில் இரண்டு வேறு வேறு குதிகள் செய்து சராசரி எடுப்பார்கள்.

ப்ரோடுனோவாவில் அப்படி என்ன ஆபத்து?

ரஷ்யாவின் யெலினா ப்ரோடுனோவா 1999-ல் சர்வதேசப் போட்டியில் செய்ததால் அவர் பெயரே வந்துவிட்டது. ஓடிவந்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து, மேஜையில் கை ஊன்றி, அங்கிருந்து எம்பி, முன்பக்கமாகவே இரண்டு குட்டிக்கரணம் அடித்து, நிற்க வேண்டும். கை மேஜையை விட்ட நொடியில் உடம்பு தலைகீழாக இருக்கும் என்பதால் கணக்குப்படி இரண்டரைச் சுற்று.

பின்பக்கமாகச் சுழன்று இறங்கினால் தரை முன்கூட்டியே கண்ணில் படும், காலை எங்கே வைக்கலாம் என்று உடம்பு தயாராகும். முன்பக்கமாகச் சுழன்றால் அந்த வசதி கிடையாது. சிராவயல் மஞ்சுவிரட்டில் காளை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றாவது தெரியும். இங்கே தரை எங்கே இருக்கிறது என்பதே கால் படும்வரை தெரியாது. சுற்று கொஞ்சம் குறைந்தால் முதலில் தரையில் படுவது தலையோ கழுத்தோ. சுற்று கூடினால் முன்னால் உருள வேண்டியதுதான். நடுவில் மிச்சம் இருக்கிற நூலிழைதான் ‘லேண்டிங்’.

தீபா இதைச் செய்ய ஆரம்பித்த காலத்தில் போட்டியில் இதை வெற்றிகரமாக முடித்தவர்கள் பட்டியல் ஒரு கை விரலுக்குள் அடங்கும். ப்ரோடுனோவா, டொமினிக்கன் குடியரசின் யாமிலெத் பெனா, எகிப்தின் ஃபத்வா மஹ்மூத், உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா, ஐந்தாவதாக தீபா. பெரிய ஜிம்னாஸ்டிக்ஸ் நாடுகள் என்று சொல்லப்படும் அமெரிக்கா, சீனா, ருமேனியா பெயர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. இது தற்செயல் இல்லை.

விழுந்தாலும் நஷ்டமில்லை!

அந்த ஒலிம்பிக் சுழற்சியில் ப்ரோடுனோவாவின் கடின மதிப்பு 7.0. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் போன்றவர்கள் செய்த அமனார் வால்ட்டுக்கு 6.3. தீபாவின் இன்னொரு வால்ட்டுக்கு 6.0.

இங்கேதான் கணக்கு வருகிறது. சுத்தமாகச் செய்வதில் ஒரு ரஷ்ய, அமெரிக்க வீராங்கனையோடு போட்டி போட வேண்டுமானால், நான்கு வயதிலிருந்தே நல்ல தரையும் கருவியும் வேண்டும், நடனம் சொல்லித்தர ஆள் வேண்டும், பிசியோ வேண்டும், வருடத்துக்குப் பல சர்வதேசப் போட்டிகள் வேண்டும். இது எதுவும் தீபாவுக்குக் கிடைக்கல. போதாக்குறைக்கு இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தில் கோஷ்டிப் பூசல், மத்திய அமைச்சகத்தின் அங்கீகாரமே இல்லாமல் ஓடிய வருடங்கள்.

ஆனால் கடின மதிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். அகர்தலா பெண் செய்தாலும் 7.0, ஹூஸ்டன் பெண் செய்தாலும் 7.0. 6.0 மதிப்புள்ள குதிக்கும் இதற்கும் வித்தியாசம் சரியாக 1 புள்ளி. கீழே விழுந்தால் கழிப்பதும் 1 புள்ளிதான். அதாவது இதைச் செய்து விழுந்தாலும், சாதாரணக் குதியில் நின்றவருக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். நின்றுவிட்டால் மெடல் பேச்சு. வசதி இல்லாத நாட்டுக்காரர்கள் பெனா, மஹ்மூத் மாதிரி இதைத் தேடிப் போனதற்குக் காரணம் புரிகிறதா?

விமர்சனமும் இதனால்தான் வந்தது. விழப்போகிறோம் என்று தெரிந்தே குதிக்கிறவர்களுக்கு விதிகள் பரிசு கொடுக்கின்றன என்று பலர் கண்டித்தார்கள். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. அடுத்த சுழற்சியில், மற்ற வால்ட்களின் மதிப்போடு சேர்த்து இதையும் 6.4 ஆகக் குறைத்தார்கள். ஆனால் தீபாவை அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது அநியாயம். அவர் பெரிய மேடைகளில் நின்று காட்டியவர்.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கு முன்புதான் நந்தி இந்த முடிவை எடுத்தார். ஃபோம் குழி இல்லாத இடத்தில் மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பழகியதாகச் சொல்லியிருக்கிறார். கிளாஸ்கோவில் 14.366 எடுத்து வெண்கலம். காமன்வெல்த் ஜிம்னாஸ்டிக்ஸில் மெடல் வாங்கிய முதல் இந்தியப் பெண் தீபா. அதே வருடம் இஞ்சியான் ஆசிய விளையாட்டில் நான்காவது. 2015-ல் ஹிரோஷிமா ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம், கிளாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் ஐந்தாவது. உலக சாம்பியன்ஷிப் ஃபைனலுக்குள் ஓர் இந்திய ஜிம்னாஸ்ட் நுழைந்தது அதுவே முதல் முறை.

ரியோ, 2016 ஆகஸ்ட் 14

ஏப்ரலில் ரியோவிலேயே நடந்த தகுதிப் போட்டியில் 52.698 புள்ளி எடுத்து ஒலிம்பிக் டிக்கெட் வாங்கினார். 1952, 1956, 1964 என மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து ஜிம்னாஸ்டுகள் போயிருக்கிறார்கள், எல்லோரும் ஆண்கள். 52 வருட இடைவெளிக்குப் பிறகு ஓர் இந்தியர், அதுவும் முதல் பெண்.

ரியோவுக்குப் போனபோது கூட பிசியோதெரபிஸ்ட் கிடையாது. வால்ட்டில் 14.850 எடுத்து எட்டாவதாக ஃபைனலுக்குள் நுழைந்த பிறகுதான் பிசியோவை விமானத்தில் அனுப்பி வைத்தார்கள். தலைமுழுகப் போகும்போது எண்ணெய் தேடின கதை! தகுதிச் சுற்றுக்கும் ஃபைனலுக்கும் நடுவில் தீபாவின் 23-வது பிறந்தநாள் வந்தது. கவனம் சிதறக்கூடாது என்று நந்தி அவருடைய போனிலிருந்து சிம் கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டார். அப்பா அம்மாவைத் தவிர யாரிடமும் பேச்சு இல்லை.

ஃபைனல் அன்று இந்தியாவில் நேரம் நள்ளிரவு தாண்டப் போகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளிலும் டிவி ஓடியது. முதல் குதியில் 14.866. அடுத்து ப்ரோடுனோவா. சுற்று முழுசாக முடிந்தது, இரண்டு காலும் தரையில் பட்டன. ஆனால் உடம்பு மிகவும் கீழே இறங்கி, கிட்டத்தட்ட உட்கார்ந்தே விட்டாரோ என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும் அளவுக்குக் குந்தி, அப்புறம் எழுந்தார். ஸ்கோர் 15.266. சராசரி 15.066.

கொஞ்ச நேரம் மெடல் இடத்தில் இருந்தார். முடிவில் பைல்ஸ் 15.966, ரஷ்யாவின் மரியா பசேகா 15.253, சுவிட்சர்லாந்தின் கியூலியா ஸ்டெய்ன்க்ரூபர் 15.216. தீபா நான்காவது.

0.150 என்பது சராசரியில் உள்ள வித்தியாசம். இரண்டு குதிகளையும் கூட்டினால் 0.300. இறங்கும்போது ஆழமாகக் குந்தினாலும் விதிப்படி புள்ளி கழிப்பார்கள். இதைச் சொல்வது தீபாவைக் குறை சொல்ல அல்ல. கழிவுகள் பல இடத்தில் வரும், நடுவர்கள் எதற்கு எவ்வளவு எடுத்தார்கள் என்று வெளியே இருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மெடலுக்கும் நான்காவது இடத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்பது புரிந்தால், அந்த இரவு எவ்வளவு பக்கத்தில் போய் வந்தது என்பதும் புரியும். 1960-ல் மில்கா சிங், 1984-ல் பி.டி. உஷா, 2016-ல் தீபா என்று இந்தியர்களின் ‘நான்காம் இட’ப் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்ந்தது.

திரும்பி வந்த கையோடு அரசியல் அறிவியல் முதுகலைத் தேர்வு எழுதப் போனார். அந்த வருடமே கேல் ரத்னா, நந்திக்கு துரோணாச்சார்யா, 2017-ல் பத்மஸ்ரீ. ஹைதராபாத்தில் பி.வி. சிந்து, சாக்‌ஷி மாலிக்கோடு சேர்த்து தீபாவுக்கும் ஒரு பிஎம்டபிள்யூ கார் பரிசாகக் கிடைத்தது, சாவி கொடுத்தது சச்சின். ஆனால் அகர்தலாவில் அந்தக் காருக்கு சர்வீஸ் சென்டர் இல்லை, சாலைகளும் தோதுப்படாது. காரைத் திருப்பிக் கொடுத்து, பணமாக வாங்கி, ஊரில் ஓட்டக்கூடிய வேறு கார் எடுத்தார்கள்.

முழங்கால் கேட்ட விலை

2017-ல் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிந்து, மும்பையில் ஆபரேஷன். 2018 காமன்வெல்த் போச்சு. அந்த ஜூலையில் துருக்கியின் மெர்சினில் நடந்த உலக சேலஞ்ச் கோப்பையில் 14.150 எடுத்துத் தங்கம் வாங்கினார். உலகக் கோப்பை அளவிலான போட்டியில் இந்திய ஜிம்னாஸ்ட் ஒருவருக்குத் தங்கம் கிடைத்தது அதுவே முதல் முறை. அடுத்த மாதமே ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முழங்கால் மறுபடி மக்கர் செய்தது. அவருடைய கோட்டையான வால்ட்டில் ஃபைனலுக்கே போக முடியவில்லை. உத்தரத்தில் ஐந்தாவது. நவம்பரில் ஜெர்மனியின் காட்பஸில் வெண்கலம். 2019 மார்ச்சில் பாகு உலகக் கோப்பையில் திரும்பவும் காயம். டோக்கியோ ஒலிம்பிக் கனவு அங்கேயே முடிந்தது.

இரண்டரைச் சுற்று சுற்றி வந்து இறங்கும் உடம்பின் மொத்த வேகத்தையும் தாங்குவது முழங்கால்தான். தட்டைப் பாதத்தில் ஆரம்பித்த ஒருவருக்கு அந்தச் சுமை இன்னும் அதிகம். ப்ரோடுனோவாதான் காலை உடைத்தது என்று ஒரே காரணமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் விதிப்புத்தகம் கொடுத்த அந்த ஒரு புள்ளி இலவசமாக வரவில்லை என்று சொல்லலாம். காயத்துக்குப் பிறகு அந்தக் குதியைக் கைவிட்டு, முழங்காலுக்கு ஒத்துவரும் வேறு வால்ட்களுக்கு மாறினார்.

ஊக்கமருந்து தடை: என்ன நடந்தது?

இதை மறைத்துவிட்டு தீபாவின் கதையைச் சொல்ல முடியாது. 2021 அக்டோபர் 11-ல், போட்டி இல்லாத நேரத்தில் எடுத்த மாதிரியில் ‘ஹிஜெனமைன்’ என்ற தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. மூச்சுக்குழாயை விரிவாக்கும் வகையைச் சேர்ந்த இந்தப் பொருள் சில தாவரங்களிலும் இருக்கிறது, சில சப்ளிமென்ட்களிலும் கலந்து வரும். சர்வதேசச் சோதனை முகமை 21 மாதத் தடை விதித்தது. 2023 பிப்ரவரியில்தான் இது வெளியே தெரிந்தது. தடை 2023 ஜூலை 10-ல் முடிந்தது.

தனக்குத் தெரியாமலே உடம்பில் சேர்ந்துவிட்டது என்று தீபா சொன்னார். ஆனால் இந்த விதிகளில் ‘தெரியாது’ என்ற பதிலுக்கு விடுதலை கிடையாது. உடம்புக்குள் போகும் ஒவ்வொன்றுக்கும் வீரரே பொறுப்பு. மாத்திரை, பவுடர், நாட்டுமருந்து எதுவாக இருந்தாலும் சரி, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாயில் போட்டால் மாட்டுவது விளையாடுகிறவர்தான்.

தடை முடிந்த கையோடு புவனேஸ்வரில் நடந்த ஆசிய விளையாட்டுத் தேர்வுப் போட்டியில் முதலிடம் பிடித்தார். ஆனாலும் ஹாங்சோவுக்கு அனுப்பவில்லை. முந்தைய 12 மாதப் போட்டி முடிவுகளை வைத்துத்தான் தேர்வு என்பது விளையாட்டு ஆணையத்தின் விதி. தடையில் இருந்தவருக்கு 12 மாதப் போட்டி முடிவு எங்கிருந்து வரும்?

30 வயதில் ஆசிய சாம்பியன்

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் 30 என்பது பாட்டி வயது என்று கிண்டல் செய்வார்கள். 2024 மே 26-ல், தாஷ்கண்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் வால்ட்டில் 13.566 எடுத்து தீபா தங்கம் வென்றார். வட கொரியாவின் இரண்டு வீராங்கனைகளுக்கு வெள்ளியும் வெண்கலமும். சீனியர் ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த முதல் ஜிம்னாஸ்ட்.

‘அப்போ பாரிஸ் ஒலிம்பிக் போயிருக்கலாமே?’ என்று தோன்றும். அந்தப் போட்டியில் ஒலிம்பிக் இடம் கொடுத்தது ஆல்-ரவுண்ட் கணக்கில் மட்டும். வால்ட் தங்கத்துக்கு டிக்கெட் கிடையாது. நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் கழித்து ஓய்வு அறிக்கை வந்தது. ஐந்து வயதில் தட்டைப் பாதத்தைப் பார்த்துவிட்டு ஜிம்னாஸ்ட் ஆக முடியாது என்று சொன்னவர்களை அதில் நினைவுகூர்ந்தார். உடம்பு ஓய்வு கேட்கிறது, மனசு கேட்க மறுக்கிறது என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார். இனி சின்னப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆசை என்றும் சொன்னார்.

காரைக்குடியில் ஒரு தீபா வர முடியுமா?

இந்தச் செய்தியைப் படிக்கிற சிவகங்கை மாவட்டத்துப் பெற்றோர் யாராவது, ‘நம்ம பிள்ளையும் வீட்டுல குட்டிக்கரணம் போட்டுக்கிட்டே இருக்கு, சேர்த்துவிடலாமா?’ என்று யோசிக்கலாம். அகர்தலாவின் கதை அவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்கிறது.

முதலில் வயது. தீபா ஆறு வயதில் ஆரம்பித்தார். ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள அந்த வருடத்தில் 16 வயது நிறைய வேண்டும். நடுவில் இருக்கும் பத்து வருடம்தான் ஒரு ஜிம்னாஸ்டை உருவாக்குகிறது. பத்தாம் வகுப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றால் இந்த விளையாட்டில் அது நடக்காது.

இரண்டாவது, தரை. ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த வளவில் பிள்ளை கரணம் போடுவதைப் பார்க்க அழகாக இருக்கும், முதுகெலும்புக்கு அது நல்லதில்லை. போனில் வீடியோ பார்த்து வால்ட் பழகுவது அதைவிட ஆபத்து. ப்ரோடுனோவாவை விடுங்கள், சாதாரணக் கரணத்துக்கே பக்கத்தில் பிடிக்க ஆளும் கீழே மெத்தையும் வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: கோச். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது, உடற்கல்வி ஆசிரியர்கள் அங்கே உருவாகிறார்கள். ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸ் கோச் என்பது தனிப் படிப்பு. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் அதற்கு டிப்ளமோ தருகிறது. அப்படிப் படித்த ஒருவர் ஓர் ஊருக்கு வந்து, அடுத்த வருடமே மாற்றல் வாங்கிக்கொண்டு போகாமல் தங்க வேண்டும். அகர்தலாவில் தலிப் சிங் தங்கினார். அவர் போனதிலிருந்து தீபாவின் ரியோ வரை சுமார் அரை நூற்றாண்டு ஆனது. மைதானம் கட்டித் திறப்பு விழா நடத்துவது சுலபம். அங்கே ஒரு கோச்சை இருபது வருடம் நிற்க வைப்பதுதான் எந்த மாவட்டத்துக்கும் கஷ்டமான வேலை.

தீபாவுக்குப் பிறகு யார்?

மேற்கு வங்கத்தின் பிரணதி நாயக் 2019, 2022 ஆசிய சாம்பியன்ஷிப்களில் வெண்கலம் வாங்கி, டோக்கியோ ஒலிம்பிக்கும் போனார். 2025-ல் தென் கொரியாவின் ஜெச்சியோனில் மூன்றாவது முறையாக ஆசிய வெண்கலம். ஹைதராபாத்தின் அருணா புத்தா ரெட்டி 2018 மெல்போர்ன் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியவர்.

இவர்கள் வாங்கிய இந்த மெடல்கள் எல்லாமே வால்ட்டில்தான், தீபாவின் பெரிய மெடல்களும் அப்படியே. கம்பிக்கும் உத்தரத்துக்கும் ஃப்ளோருக்கும் குழந்தைப் பருவத்திலிருந்தே நல்ல கருவியும் நடனப் பயிற்சியும் வேண்டும். வால்ட்டுக்கு வேகமான ஓட்டம், பலமான கால், ஒரு நல்ல கோச், ஒரு மேஜை இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். மற்ற மூன்று பிரிவுகளில் ஓர் இந்தியப் பெண் ஒலிம்பிக் ஃபைனலுக்குப் போவது இன்னும் நடக்கவில்லை.